நைன் நைட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், போகலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் வந்து எட்டு மாதம் ஆன ஒருவர் கேட்கிறார்: "கூட வேலை பார்ப்பவரின் அம்மா போன வாரம் இறந்துவிட்டார். 1960களில் ஜமைக்காவிலிருந்து வந்தவராம். இந்தச் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் 'நைன் நைட்', வந்துவிடு என்று சொல்லியிருக்கிறார். அடக்கம் அதற்கும் மூன்று வாரம் கழித்துத்தானாம். நைன் நைட் என்றால் என்ன? சொந்தக்காரன் இல்லாத நான் போகலாமா? என்ன கொண்டுபோக வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? நான் சைவம் வேறு."

போங்கள். யோசிக்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு அழைத்தால்தான் போக வேண்டும், சாவுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா, ஜமைக்காக்காரர்களிடமும் அப்படித்தான். நைன் நைட்டுக்கு அழைப்பிதழ் கிடையாது. காதில் விழுந்தவர்கள் எல்லாரும் வருவார்கள். இறந்தவரோடு இருபது வருடம் முன்பு ஒரே தெருவில் இருந்தவர், அவரிடம் துணி தைக்கக் கொடுத்தவர், சர்ச்சில் பின் வரிசையில் உட்காருகிறவர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். உங்களிடம் அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். நீங்கள் போகாமல் இருந்தால்தான் அவருக்கு மனதில் நிற்கும்.

நான் தெற்கு லண்டனில் ஒரு பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். கரீபியன் குடும்பங்கள் இல்லாத பஸ் டிப்போ இந்த ஊரில் இருக்க முடியாது. லண்டன் டிரான்ஸ்போர்ட் 1956இல் பார்படோஸ் தீவுக்கே ஆள் அனுப்பி, நேரடியாக வேலைக்கு எடுக்க ஆரம்பித்தது. கப்பல் கட்டணத்தைக் கடனாகக் கொடுத்து, பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1966இல் ஜமைக்கா, டிரினிடாட் தீவுகளிலும் எடுத்தார்கள். அப்படி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தார்கள். அந்த முதல் தலைமுறை என் கண்முன்னேதான் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தது. பத்துப் பதினைந்து நைன் நைட்டுக்காவது போயிருப்பேன்.

ஜமைக்காவில் ஒருவர் இறந்துவிட்டால் அந்த வீடு 'டெட் யார்ட்' ஆகிவிடும். யார்ட் என்றால் அவர்கள் பேச்சில் வீடும் முற்றமும் சேர்ந்தது. நாம் இழவு வீடு என்கிறோமே, அதுதான். அன்றிலிருந்து ஒன்பது ராத்திரி ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வீட்டுக்காரர்களைத் தனியாக விடக்கூடாது என்பதுதான் அடிப்படை. ஒன்பதாவது ராத்திரிதான் பெரியது. இறந்தவரின் ஆவியை 'டப்பி' என்பார்கள். அது அதுவரை வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும், ஒன்பதாம் ராத்திரி வந்து பிடித்ததைச் சாப்பிட்டுவிட்டு, எல்லாரையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும் என்று நம்பிக்கை. திரும்பி வந்தால் அடையாளம் தெரியக்கூடாது என்று அந்த அறையில் கட்டிலை இடம் மாற்றிப் போடுவார்கள், மெத்தையைப் புரட்டிப் போடுவார்கள், கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள். லண்டனில் பிறந்த பேரப்பிள்ளைகள் இதை நம்புகிறார்களா என்றால், பலர் நம்புவதில்லை. ஆனால் கட்டிலை நகர்த்தக் கை கொடுக்காமல் இருந்த ஒரு பேரனையும் நான் பார்த்ததில்லை.

இந்த வழக்கத்தின் வேர் மேற்கு, நடு ஆப்பிரிக்காவில். அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரும்புத் தோட்டத்தில் பகல் முழுக்க வேலை செய்தார்கள். செத்தவரை அடக்கம் செய்யவும் நினைத்து அழவும் அவர்களுக்கு ராத்திரிதான் இருந்தது. கூட்டம் கூடக்கூடாது, மேளம் அடிக்கக்கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டும் அந்த ராத்திரிகளை முழுசாக நிறுத்த முடியவில்லை. பின்னால் கிறிஸ்தவப் பாட்டும் ஜெபமும் வந்து சேர்ந்துகொண்டன. ஜமைக்காவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. செயின்ட் மேரி பக்கம் துக்க வீட்டாரைச் சிரிக்க வைப்பதற்கென்றே 'டிங்கி மினி' என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. செயின்ட் தாமஸ் பக்கம் 'குமினா' மேளம். லண்டனில் உங்கள் நண்பர் வீட்டில் இதெல்லாம் இருக்காது, அநேகமாக ஸ்பீக்கரில் பழைய ரெக்கே பாட்டுதான் ஓடும்.

அதுதான் என்னை முதல் தடவை தடுமாற வைத்தது. எங்கள் டிப்போவில் முன்பு கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். ஒப்பாரி, அழுகை என்று எதிர்பார்த்துக்கொண்டு, முகத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். வாசலை நெருங்கும்போதே 'டொக்' 'டொக்' என்று சத்தம். பின்பக்கத் தோட்டத்தில் கூடாரம் போட்டு, நான்கு பேர் உட்காரும் மேஜையில் டாமினோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜமைக்காக்காரர்கள் டாமினோவை வைக்க மாட்டார்கள், அறைவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான்காவது நாற்காலி காலி. அதன் முன்னால் ஏழு காய் கவிழ்த்து வைத்திருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காயைக் கலைத்து, மூன்று பேருக்குக் கொடுப்பதுபோலவே அந்தக் காலி நாற்காலிக்கும் ஏழு கொடுத்தார்கள். அது யாருடைய இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே முன்னறையில் வெள்ளைத் துணி விரித்த ஒரு மேஜை. பொரித்த மீன், 'ஹார்ட் டோ' என்று அவர்கள் சொல்லும் கெட்டியான ரொட்டி, சோறு, ஒரு கிளாஸில் வெள்ளை ரம், அவர் குடிக்கிற கோப்பையில் காப்பி. யாரும் அதைத் தொடவில்லை, குழந்தைகளைக்கூடக் கிட்டே விடவில்லை. அது அவருக்கு வைத்தது. நடு ராத்திரி தாண்டின பிறகுதான் மற்றவர்கள் எடுக்கலாம். நாமும் படையல் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக் காத்திருக்கிறோம் அல்லவா, எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காக்காய்க்கு வைப்பதைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு என்று இரண்டு முறை கேட்டார்.

பதினோரு மணிக்கு மேல் பாட்டு மாறும். டாமினோவை நிறுத்திவிட்டு எல்லாரும் உள்ளே வருவார்கள். 'சாங்கி' பாடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரா சாங்கி என்ற அமெரிக்கர் பாடித் தொகுத்த கிறிஸ்தவப் பாட்டுகள் ஜமைக்காவில் அவ்வளவு பரவியதில், அந்த மாதிரிப் பாட்டுக்கே அவர் பெயர் நின்றுவிட்டது. ஒருவர் ஒரு வரியை வேகமாகப் படித்துச் சொல்வார், அது முடிவதற்குள் மற்றவர்கள் அதே வரியை நீட்டி முழக்கிப் பாடுவார்கள். கையில் புத்தகம் இல்லாத, எழுத்துத் தெரியாத காலத்தில் வந்த முறை. உங்களுக்கும் வசதி, ஏனென்றால் பாட்டுத் தெரியாவிட்டாலும் அடுத்த வரி காதில் விழுந்துவிடும், சேர்ந்து பாடலாம். இடையிடையே ஒவ்வொருவராக எழுந்து இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். நல்லதை மட்டும் பேச மாட்டார்கள். அந்தக் கண்டக்டர் எப்படிச் சில்லறை விஷயத்தில் கறாரானவர், எந்தத் தம்பியோடு பதினோரு வருடம் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் அந்தத் தம்பியின் முன்னாலேயே வந்தது. தம்பியும் எழுந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், அவர் அழுதார். பன்னிரண்டு மணிக்கு மூத்த மகள் போய்த் தெருக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றாள். ஜனவரிக் குளிர் உள்ளே வந்தது. யாரும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

சரி, அடக்கம் ஏன் அவ்வளவு தள்ளிப்போகிறது என்ற உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். மறுநாளே எடுத்துவிடும் நமக்கு அது கஷ்டமாகத்தான் தெரியும். இந்தக் குடும்பங்கள் ஒரே நாட்டில் இல்லை. ஒரு மகன் நியூயார்க்கில், ஒரு தங்கை டொரண்டோவில், மூத்த அக்கா கிங்ஸ்டனில். ஜமைக்காவிலிருந்து பிரிட்டன் வர 2003 முதல் விசா வேறு வேண்டும். இடுகாட்டில் நேரம் கிடைக்க வேண்டும், சர்ச் கிடைக்க வேண்டும், அப்புறம் சாப்பாட்டுக்கு ஹால். பணமும் சேர வேண்டும். இங்கேதான் 'பார்ட்னர்' வரும். பத்து இருபது பேர் மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. சாட்சாத் நம் சீட்டேதான். டிரினிடாட்காரர்கள் 'சூசூ' என்பார்கள். பேங்க் கடன் கொடுக்காத காலத்தில் இவர்கள் வீடு வாங்கியது பார்ட்னரில், இன்றைக்கும் பல அடக்கம் நடப்பது பார்ட்னரில். சாவு விழுந்த வீட்டுக்கு முறையை விட்டுக்கொடுப்பார்கள், அதற்கு ஒருவர்கூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அடக்கத்தன்று உங்கள் கையில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். வழவழப்பான தாளில் கலர் போட்டோக்களோடு, சில சமயம் இருபது பக்கம். முதல் பக்கத்தில் பிறந்த தேதிக்கு 'சூரிய உதயம்' என்றும் இறந்த தேதிக்கு 'அஸ்தமனம்' என்றும் போட்டிருக்கும். உள்ளே போட்டோக்களைப் பாருங்கள். கப்பலேறும் முன் ஸ்டூடியோவில் கோட்டுப் போட்டு எடுத்தது, பனியில் முதல் முறை நின்றது, முன்னறையில் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு எடுத்தது. தயவுசெய்து அதைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வராதீர்கள். எந்தக் கரீபியன் பாட்டி வீட்டிலும் ஒரு இழுப்பறை நிறைய இந்தப் புத்தகங்கள் இருக்கும். யார் எந்த ஊரிலிருந்து எந்த வருடம் வந்தார், யாரைக் கட்டினார், எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தார் என்பது அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது.

சர்ச்சில் சவப்பெட்டியைத் திறந்து வைப்பார்கள், வரிசையில் போய்க் கடைசியாகப் பார்க்கலாம். கட்டாயமில்லை. அநேகமாக அது பெந்தெகொஸ்தே சபையாக இருக்கும். 1950களில் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆங்கிலேயர் சர்ச்சுக்குப் போனபோது, அடுத்த வாரம் வராதீர்கள் என்று வாசலிலேயே பாதிரியார் சொன்ன கதை இங்கே குடும்பத்துக்குக் குடும்பம் இருக்கிறது. அப்புறம்தான் வீட்டு அறைகளிலும் வாடகை ஹால்களிலும் தங்கள் சபைகளை நடத்தினார்கள். நியூ டெஸ்டமென்ட் சர்ச் ஆஃப் காட் 1953இல் வுல்வர்ஹாம்ப்டனில் அப்படித்தான் ஆரம்பித்தது.

இடுகாட்டில் நடப்பதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தெரியாமல் போய்க் காரை எடுக்கப் பார்த்தவன். இங்கே வெள்ளைக்காரர் அடக்கத்தில் பெட்டியை இறக்கி, பாதிரியார் ஜெபித்து, ஒரு பிடி மண் போட்டதும் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். குழியை மூடுவது ஊழியர்கள் வேலை. கரீபியன் அடக்கத்தில் அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். ஆண்கள் கோட்டைக் கழற்றிப் பக்கத்துக் கல்லறையின் மேல் போடுவார்கள், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஷவலைக் கையில் எடுப்பார்கள். மூத்த மகன்தான் முதல். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் பின்னால் நிற்பவர் தோளைத் தட்டி வாங்கிக்கொள்வார். பெண்கள் சுற்றி நின்று பாட ஆரம்பித்துவிடுவார்கள், குழி மேலே வரும்வரை பாட்டு நிற்காது. லண்டன் மண் களிமண். ஈரமாக இருந்தால் ஷவலைவிட்டு இறங்காது, காலால் தள்ளிவிட வேண்டும். முதல் சில ஷவல் மண் பெட்டிமேல் விழும் சத்தம் வயிற்றைக் கலக்கும். மண் மேல் மண் விழ ஆரம்பித்தபின் அந்தச் சத்தம் அமுங்கிவிடும். முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஊழியர்கள் தூரத்தில் சின்ன ஜேசிபி மாதிரி ஒரு வண்டியோடு காத்திருப்பார்கள், அதை யாரும் கூப்பிட மாட்டார்கள். மேடு எழும்பியதும் ஷவலின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிச் சீர் செய்து, பூக்களை ஒவ்வொன்றாகக் குத்தி நிறுத்திவிட்டுத்தான் கோட்டைத் தேடுவார்கள். ஏன் நீங்களே செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "என் அப்பாவை நான் பாதியில் விட்டுவிட்டுப் போக மாட்டேன்" என்றார் ஒரு நண்பர்.

சிலரை இங்கே புதைக்கவே மாட்டார்கள், ஊருக்கு அனுப்புவார்கள். ஜமைக்காவின் கிராமங்களில் வீட்டு நிலத்திலேயே குடும்பக் கல்லறைகள் உண்டு, தாத்தா பாட்டி எல்லாரும் மாமரத்தடியில் கிடப்பார்கள். முதலில் வந்தவர்கள் யாரும் இங்கே சாக வரவில்லை. ஐந்து வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்புவது என்பதுதான் எல்லாருடைய திட்டமும். 'கிரிப்' என்று அவர்கள் சொல்லும் பயணப் பெட்டி, அலமாரிக்கு மேலேயே இருந்தது, ஐந்து ஐம்பது ஆகிவிட்டது. பிள்ளைகள் பேரன்கள் எல்லாம் இங்கே இருக்கும்போது கல்லறை மட்டும் அங்கே இருந்தால் யார் போய்ப் பார்ப்பது என்று குடும்பத்துக்குள் பெரிய சண்டையே நடக்கும். இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் சொல்ல முடிந்ததே இல்லை.

இன்னொன்று, கரீபியன் என்று மொத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குத் தீவு முக்கியம். இங்கேயும் தீவு தீவாகத்தான் குடியேறினார்கள். ஹை விகம்ப் ஊரில் செயின்ட் வின்சென்ட்காரர்கள், ஸ்லௌவில் அங்குவிலா, லீட்ஸில் செயின்ட் கிட்ஸ்-நேவிஸ், ரெடிங்கில் பார்படோஸ். நைன் நைட் என்ற பெயர் முக்கியமாக ஜமைக்காவுடையது. டிரினிடாட்காரர்கள் 'வேக்' என்பார்கள், காப்பியும் பிஸ்கட்டும் சீட்டுக்கட்டுமாக ராத்திரி கண் விழிப்பார்கள். நவம்பர் முதல் நாட்களில் கல்லறைகளைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றுவது அங்கே உண்டு. கிரெனடாவைச் சேர்ந்த கேரியகூ என்ற குட்டித் தீவில் கல்லறைக் கல் நடுவதே தனி விழா. இறந்து சில வருடம் கழித்துக்கூட, பணம் சேர்ந்தபின், மேளம் அடித்துச் சமைத்து, முன்னோருக்கென்று ஒரு தட்டு தனியாக வைத்து நடுவார்கள். டிரினிடாட், கயானா நாடுகளின் இந்திய வம்சாவளி இந்துக் குடும்பங்களில் மொட்டை அடிப்பதும் பதின்மூன்றாம் நாள் காரியமும் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை உங்களுக்கு முன்னால் வரப்போகும் ஆட்டுக்கறிக் குழம்பை 'கறி கோட்' என்பார்கள். அதுவும் 1845 முதல் ஜமைக்காவுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்கள் கொண்டுபோனதுதான். பெரும்பாலும் வட இந்தியர்கள், நம் பக்கத்தவர்களும் கொஞ்சம் பேர்.

ஒரு வீட்டுத் துக்கத்துக்கு இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்று நீங்கள் சனிக்கிழமை நினைப்பீர்கள். அதற்குக் காரணம் இந்த ஊரின் வரலாற்றிலும் இருக்கிறது. 1959 மே மாதம் நாட்டிங் ஹில்லில் கெல்சோ காக்ரேன் என்ற ஆன்டிகுவா தச்சரை வெள்ளை இளைஞர்கள் சிலர் தெருவில் குத்திக் கொன்றார்கள். வயது 32. சட்டம் படிக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ஜூன் 6 அன்று கென்சல் கிரீன் இடுகாட்டுக்கு அவர் பின்னால் 1,200 பேருக்கு மேல் நடந்தார்கள், அதில் பெரும்பாலோர் அவரைப் பார்த்ததே இல்லை. அதே வருடம் ஜனவரியில் செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹாலுக்குள் கரீபியன் கார்னிவலை நடத்தியவர் கிளாடியா ஜோன்ஸ். டிரினிடாட்டில் பிறந்து, அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு, பிரிக்ஸ்டனில் பத்திரிகை ஆரம்பித்தவர். 1964 டிசம்பரில் 49 வயதில் இறந்தார். ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார். மார்க்ஸைப் பார்க்கப் போகிறவர்கள் இடது பக்கம் திரும்பிப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட நியூ கிராஸ். 1981 ஜனவரி 18 அதிகாலை, 439 நியூ கிராஸ் ரோடு வீட்டில் ஒரு பெண்ணின் பதினாறாவது பிறந்தநாள் விருந்து. தீப் பிடித்து 13 பிள்ளைகள் இறந்தார்கள், வயது 14 முதல் 22 வரை. தப்பித்த ஒரு பையனும் இரண்டு வருடம் கழித்து இறந்துபோனான். அரசாங்கத்திலிருந்தும் அரண்மனையிலிருந்தும் பெற்றோருக்கு உடனடியாக ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. நான்கு வாரத்தில் டப்ளினில் ஒரு நடன அரங்கு எரிந்து 48 பேர் இறந்தார்கள், அங்கே உடனே இரங்கல் போனது. அந்த வித்தியாசத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. 'பதின்மூன்று பேர் செத்தார்கள், ஒரு வார்த்தை இல்லை' என்ற முழக்கத்தோடு மார்ச் 2, திங்கட்கிழமை, வேலை நாளில், சுமார் 20,000 பேர் நியூ கிராஸிலிருந்து ஹைட் பார்க் வரை நடந்தார்கள். டிரினிடாட்டிலிருந்து வந்த ஜான் லா ரோஸ் தலைமையில் ஒரு குழு அதை ஏற்பாடு செய்தது. 1981இலும் 2004இலும் மரண விசாரணை நடந்தது, இரண்டிலும் தீ எப்படி வந்தது என்று முடிவு சொல்லவில்லை. இன்றைக்கும் ஜனவரியில் நினைவுக் கூட்டம் நடக்கிறது. எங்கள் டிப்போவில் ஒரு டிரைவர் அந்த வீட்டைக் கடக்கும் ரூட்டில் போகும்போதெல்லாம் உதடு அசையும். அந்தப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக்கொள்கிறேன் என்று ஒருநாள் சொன்னார்.

நினைவுச் சின்னங்கள் எல்லாம் ரொம்பப் பின்னால்தான் வந்தன. 1948 ஜூன் 22 அன்று டில்பரி துறைமுகத்தில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலிலிருந்து கரீபியன் பயணிகள் இறங்கினார்கள். வாட்டர்லூ ஸ்டேஷனில் பெட்டிகளின் மேல் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை நிற்கும் சிலையை ஜமைக்கா சிற்பி பேசில் வாட்சன் செய்து, திறந்தது 2022இல். அதற்கு நான்கு வருடம் முன்புதான், அதே தலைமுறையைச் சேர்ந்தவர்களிடம் காகிதம் எங்கே என்று கேட்டு வேலையையும் வீட்டையும் பறித்து, சிலரை நாட்டைவிட்டே அனுப்பிய விஷயம் வெளியே வந்து நாடே கொந்தளித்தது. இழப்பீடு கைக்கு வருவதற்குள் இறந்தவர்கள் பலர். அவர்களுக்கும் யாரோ ஒன்பது ராத்திரி விழித்திருந்தார்கள்.

2020இல் இதெல்லாம் நின்றுபோனது. கொரோனாவில் லண்டன் பஸ் டிரைவர்கள் பலர் இறந்தார்கள், கரீபியன் குடும்பங்களில் சாவு அதிகம். அடக்கத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்களுக்குத்தான் அனுமதி. நான் போன ஒன்றில் ஷவலைத் தொட விடவில்லை, வண்டிதான் குழியை மூடியது. மகன்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க முடியவில்லை. நைன் நைட்டை ஜூமில் வைத்தார்கள், ஐம்பது சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள், பாட்டு ஒன்றோடொன்று சேராமல் ஓடியது. ஆனாலும் பன்னிரண்டு மணிவரை யாரும் வெளியேறவில்லை.

இனி நீங்கள் கேட்ட சில்லறை விஷயங்கள். ஒரு பாட்டில் ரம் கொண்டுபோகலாம், ரே அண்ட் நெஃப்யூ வெள்ளை ரம் என்றால் எல்லாருக்கும் தெரியும். 63 சதவீதம், குடித்துப் பழக்கமில்லாவிட்டால் வாயில் வைக்காதீர்கள். திறந்ததும் முதலில் தரையில் கொஞ்சம் தெளிப்பார்கள், அது போனவருக்கு. குடி வேண்டாம் என்றால் பழமோ ஜூஸோ கேக்கோ போதும், ஒரு கவரில் பணம் வைத்துக் கொடுத்தாலும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாப்பாட்டில் 'மேனிஷ் வாட்டர்' என்ற சூப் உங்களுக்கு ஆகாது, அது ஆட்டுத்தலை போட்டது. தேங்காய்ப்பாலில் பீன்ஸோ துவரையோ போட்டு வேகவைக்கும் 'ரைஸ் அண்ட் பீஸ்' ருசியாக இருக்கும், கறி சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வாழைப்பழ வறுவலும் ரொட்டியும் இருக்கும். ஒன்றும் சாப்பிடாமல் வராதீர்கள், அது வருத்தமாகப் போகும்.

நைன் நைட்டுக்குச் சாதாரண உடை போதும். அடக்கத்துக்குக் குடும்பம் ஒரு நிறம் சொல்லியிருக்கலாம், நண்பரிடம் கேளுங்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். ஆன்ட்டி, அங்கிள், அல்லது 'மிஸ்' என்று பெயருக்கு முன்னால் சேர்த்துச் சொல்லுங்கள். நம்மூர் வழக்கப்படி சொல்லாமல் கிளம்ப வேண்டியதில்லை, அங்கே கட்டிப்பிடித்து விடை கொடுப்பார்கள். 'வாக் குட்' என்பார்கள், பார்த்துப் பத்திரமாகப் போய்ச் சேர் என்று அர்த்தம். இறந்தவருக்கும் அதையேதான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிப்பது உங்கள் இஷ்டம்.

ஒன்பது மணிக்குப் போனால் சரியாக இருக்கும். பன்னிரண்டு தாண்டும்வரை இருங்கள். பஸ் ராத்திரி முழுக்க ஓடும். அப்புறம் அடக்கத்துக்கும் போவீர்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்குப் பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். யாராவது ஷவலை உங்களிடம் நீட்டினால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழெட்டு முறை வாரிப் போட்டால் போதும், பின்னால் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார், அவரிடம் கொடுத்துவிடுங்கள்.